"பொய்யா சார்?" – மல்யுத்த வீடியோவை மாணவர்களோடு பார்ப்பது பற்றி

தமிழாசிரியர் மடலில் மல்யுத்தத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். 2025 மார்ச் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அந்த மாதம் ஒரு நாள் ஓய்வு நேரத்தில், என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இருவர் திடலோரச் சிமெண்டு பெஞ்சை மல்யுத்த மேடையாக்கிக்கொண்டார்கள். ஒருவன் கீழே புல்லில் படுத்தான். மற்றவன் பெஞ்சின்மேல் ஏறி நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்பதுபோல் பாவனை செய்துவிட்டு, காலை நீட்டியபடி அவன்மேல் குதித்தான். கீழே கிடந்தவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு பல வாரம் வகுப்புக்கு வந்தான்.

மறுநாள் வகுப்பில் நான் கோபத்தில் பேசினேன். "அதெல்லாம் பொய்டா! முன்னாடியே பேசி வச்சிக்கிட்டு அடிச்சிக்கிறானுங்க. வெறும் நாடகம். அதப் பாத்துட்டு இங்க வந்து குதிக்கிறீங்களா?" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "பொய்யின்னா, அப்ப இவனுக்கு எப்படி சார் எலும்பு உடைஞ்சிச்சி?"

என்னிடம் பதில் இல்லை. "வாய மூடிக்கிட்டு புத்தகத்த எடு" என்றேன். ஆசிரியர் வேலையில் நாம் எல்லோரும் சொல்லியிருக்கும் வாக்கியம்தான். ஆனால் அன்று அதைச் சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. பையன் குறும்புக்குக் கேட்கவில்லை. சரியான கேள்வியைத்தான் கேட்டான்.

ஜூலையில் ஹல்க் ஹோகன் இறந்த செய்தி வந்தது. அந்த வாரம் அதே மாணவன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உள்ளே ஒரு வி.எச்.எஸ். கேசட். "எங்கப்பாவோடது சார். நீங்க ஒரு தடவ பாருங்க" என்றான். மேலே ஒட்டியிருந்த தாளில் பேனாவால் எழுதியிருந்தது: ரெஸ்ல்மேனியா 3.

அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரை.

கேசட்டும் நாங்களும்

இளைய ஆசிரியர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் கிடையாது. பள்ளி விடுமுறையில் சித்தப்பா டெக்கை வாடகைக்கு எடுத்து வருவார். ஒரே இரவில் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவும் பார்த்தாக வேண்டும். முதலில் பெண்களுக்காக ஒரு சிவாஜி படம், பிறகு ஒரு எம்.ஜி.ஆர். படம், நள்ளிரவுக்கு மேல் ரெஸ்லிங். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

வீடியோ கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் நகலின் நகல்கள். அமெரிக்கக் கேசட்டுகள் என்.டி.எஸ்.சி. முறையில் பதிவானவை, நம் நாட்டுத் தொலைக்காட்சியோ பால் முறை. இரண்டையும் படிக்கத் தெரிந்த டெக் இல்லாவிட்டால், மாற்றிப் பதிவு செய்த நகல்தான். நிறம் வழிந்து, ஓரத்தில் கோடு ஓடும். ஹோகனின் மஞ்சள் கால்சட்டை சில சமயம் பச்சையாகத் தெரியும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

ஆட்டம் நடந்து பல மாதம் கழித்துத்தான் கேசட் எங்கள் கைக்கு வரும். யார் ஜெயித்தார் என்று அதற்குள் எவனாவது சொல்லியிருப்பான். இருந்தும் பார்ப்போம். ஜெயித்தவர் யார் என்று தெரிந்துகொண்டே பார்த்தோம் என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. இப்போது நினைத்தால், முடிவு முன்னமே தெரிந்த பிறகும் ஒரு கதை நம்மை ஏன் இழுக்கிறது என்ற இலக்கியப் பாடத்தை அந்தப் பாயில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறோம்.

எங்கள் பெரியவர்களுக்கு இது புதிதும் அல்ல. நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்று சிங்கப்பூரில் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்த காலத்தில் மல்யுத்தம் அங்கே டிக்கெட் போட்டு நடந்தது. கிங் காங் என்ற பெயரில் ஆடிய எமீல் சாயாவும் பஞ்சாபிலிருந்து வந்த தாரா சிங்கும் இந்த வட்டாரத்தில் பேர்போன மல்லர்கள். தாரா சிங் இளவயதில் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்து இங்கேதான் தொழில்முறை மல்யுத்தத்துக்குள் நுழைந்தார். இராமானந்த சாகரின் இராமாயணத் தொடரில் அனுமனாக வந்தவரும் அவரே. "அனுமாரு அந்தக் காலத்துல கிங் காங்கோட மோதினவருடா" என்று பெரியப்பா சொல்லும்போது, எங்களுக்கு அது புராணமா செய்தியா என்றே புரியாது.

கேசட்டில் என்ன இருந்தது

பள்ளிக் கிடங்கில் கிடந்த பழைய டெக்கை எடுத்து, அதன் ஹெட்டைச் சுத்தம் செய்து ஓடவிட்டேன். படம் நடுங்கியது, ஆனால் வந்தது.

1987 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் உள்ள போண்டியாக்கில், சில்வர்டோம் என்ற கூரை போட்ட அரங்கம். (அரங்கம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள்.) மொத்தம் பன்னிரண்டு ஆட்டங்கள். உடைமாற்றும் அறையிலிருந்து மேடைக்கு நடக்கும் தூரம் அதிகம் என்பதால், குட்டி மல்யுத்த மேடைபோல் செய்த மோட்டார் வண்டிகளில் மல்லர்களை ஏற்றி வந்தார்கள். சாமி ஊர்வலம்போல் இருக்கும்.

வந்திருந்தவர்கள் 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது. மல்யுத்தச் செய்திகளைப் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் டேவ் மெல்ட்சர், உண்மை எண்ணிக்கை சுமார் 78,000 என்கிறார். உயர்வு நவிற்சி அணிக்கு எடுத்துக்காட்டு தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 78,000 பேர் கூடியதே மலைப்பான கூட்டம்தான். அதுவும் போதவில்லை இவர்களுக்கு.

கடைசி ஆட்டம் உலகச் சாம்பியன் பட்டத்துக்கானது. ஹல்க் ஹோகனுக்கு எதிரே ஆண்ட்ரே த ஜயண்ட். பின்னணிக் கதையை மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். இருவரும் நண்பர்கள். சாம்பியனாக மூன்றாண்டு இருந்ததற்காக ஹோகனுக்கு ஒரு பெரிய கோப்பை கொடுக்கிறார்கள். பதினைந்து ஆண்டு தோற்காமல் இருந்ததாகச் சொல்லி ஆண்ட்ரேக்கும் ஒரு கோப்பை, அது சிறியது. ஆண்ட்ரே ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், ஹோகனின் பகையாளிகளுக்கு மேலாளராக இருந்த பாபி ஹீனனோடு வந்து நிற்கிறார். ஹோகனின் சட்டையையும் கழுத்துச் சங்கிலியையும் பிய்த்து எறிகிறார்.

பரிசளிப்பு விழாவில் சிறிய கோப்பை வாங்கிய குழந்தையின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். இந்தக் கதைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே ஹோகன் ஆண்ட்ரேயைத் தூக்கப் பார்க்கிறார். முடியவில்லை. அவர் சரிய, ஆண்ட்ரே மேலே விழ, நடுவர் தரையைத் தட்டி எண்ணுகிறார்: ஒன்று, இரண்டு... மூன்றாவது தட்டு விழும் நேரத்தில் ஹோகன் தோளைத் தூக்கிவிடுகிறார். அது மூன்றுதான் என்று ஆண்ட்ரே விரலைக் காட்டுகிறார். சுமார் பன்னிரண்டு நிமிட ஆட்டத்தின் முடிவில், தூக்க முடியாத அதே உடம்பை ஹோகன் தூக்கித் தரையில் போடுகிறார். பிறகு கயிற்றில் மோதி ஓடிவந்து, காலை நீட்டி அவர்மேல் விழுகிறார். மூன்று எண்ணப்படுகிறது. என் மாணவன் திடலில் செய்து காட்டியது இந்தக் கால் வீச்சைத்தான்.

வீடியோவின் பலன் இங்கே தெரியும். அரங்கத்தில் இருந்தவர் அந்த முதல் நிமிடத்தை ஒரு முறைதான் பார்த்திருப்பார். நாம் நிறுத்திப் பார்க்கலாம், பின்னுக்கு ஓட்டிப் பார்க்கலாம். முதல் நிமிடத்தில் தூக்க முடியாமல் போனது கடைசி நிமிடத்துக்காக நட்டு வைத்த விதை. அந்த 'இரண்டா மூன்றா' வழக்கோ இன்னும் நீண்ட விதை. 1988 பிப்ரவரியில் நடந்த மறு ஆட்டம், நடுவரின் எண்ணிக்கையையே சூழ்ச்சியாக வைத்துப் பின்னப்பட்டது. அதில் ஆண்ட்ரே ஜெயித்தார். முன்னுணர்த்தல், பின்னோக்கு என்று சிறுகதைப் பாடத்தில் உத்திகளைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு சிரமப்படுகிறோம்! ரிமோட்டைக் கையில் கொடுத்தால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுகிறான்.

எது பொய், எது மெய்

இனி அந்தப் பின்வரிசைக் கேள்விக்கு வருவோம்.

யார் ஜெயிப்பார் என்பது முன்னமே முடிவு செய்யப்பட்டது. இதில் ஒளிவுமறைவு இப்போது இல்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டில், இது போட்டியல்ல, பார்வையாளருக்கான பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று நிறுவனத் தரப்பே சொல்லிவிட்டது. உண்மை பேச வேண்டும் என்ற ஆசையால் அல்ல. விளையாட்டு என்றால் மாநிலத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் உண்டு; நிகழ்ச்சி என்றால் அவை குறையும்.

அதற்கு முன் இந்த இரகசியத்தைக் கட்டிக் காத்தார்கள். அந்தக் காவலுக்கு அவர்கள் வழக்கில் 'கேஃபேப்' என்று பெயர். மேடையில் பகைவர்களாக இருப்பவர்கள் வெளியிலும் பகைவர்களாகவே நடமாட வேண்டும். 1987இல் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். நம் கேசட்டிலேயே ஜிம் டகன் என்பவர் அயர்ன் ஷீக்கைக் கட்டையால் அடிப்பார். இரண்டு மாதம் கழித்து அந்த இருவரும் ஒரே காரில் போய்க்கொண்டிருந்தபோது காவல்துறையிடம் பிடிபட்டார்கள். காரில் இருந்த பொருள்களுக்காகப் போலீஸ் பிடித்தது. ஆனால் மல்யுத்த உலகம் பதறியது 'ஒரே காரிலா?' என்றுதான். இருவருக்கும் வேலை போனது. பிறகு திரும்பி வந்தார்கள்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. எம்.ஜி.ஆரை அடித்த பாவத்துக்காக நம்பியாரை நம் பாட்டிமார்கள் எவ்வளவு திட்டியிருக்கிறார்கள்! அவர் ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்ட குருசாமி என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

சரி, முடிவு பேசி வைத்தது. விழுவது? அது பேசி வைத்தாலும் விழுவதுதான். மேடை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய பஞ்சணை, அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. மெத்தை அல்ல. அதில் விழக் கற்றுக்கொள்ளவே பல மாதம் ஆகும். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் அடிக்காது. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்துத் தட்ட வேண்டும். அப்படிச் செய்தால் அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவும். சத்தமும் பெரிதாகக் கேட்கும். குத்து விடுகிறவர் அதே கணத்தில் காலால் தரையை உதைப்பதைக் கவனித்துப் பாருங்கள். நமக்குக் கேட்கும் 'டப்' அந்தக் கால் சத்தம்தான்.

தூக்குவதிலும் இரண்டு பேருடைய வேலை இருக்கிறது. தூக்கப்படுகிறவர் ஒத்துழைக்காவிட்டால் பெரிய உடம்பைத் தூக்கவே முடியாது. ஆண்ட்ரேயின் எடை 520 பவுண்டு என்று அறிவித்தார்கள், கிலோவில் 236. அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் இருந்தது. அந்த நோய்தான் அவரை அவ்வளவு பெரிய ஆளாக்கியது. அதுவே மூட்டுகளையும் முதுகையும் தின்றது. 1986இல் முதுகில் அறுவை சிகிச்சை. சில்வர்டோமில் அவர் போட்டிருந்த கருப்பு உடைக்குள் முதுகுக்குப் பட்டை கட்டியிருந்தார். கேசட்டில் அவர் நடப்பதைப் பாருங்கள். கயிற்றை அடிக்கடி ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார். சின்ன வயதில் அதைத் திமிர் என்று நினைத்தேன். இப்போது பார்க்கையில், நிற்பதற்கே பிடிமானம் தேவைப்பட்ட மனிதராகத் தெரிகிறார். ஆறே ஆண்டில், 1993 ஜனவரியில், 46 வயதில் பாரிஸில் இறந்துபோனார்.

ஆகவே அன்று நடந்தது, நோயுற்ற ஒரு பெரியவர் தன் உடம்பை இன்னொருவர் கையில் கொடுத்து, தன்னைப் பத்திரமாகக் கீழே போட விட்டது. ஹோகன் போட்டார். கூட்டம் பார்த்தது பகையை. மேடையில் இருந்தது நம்பிக்கை.

என் மாணவனிடம் இதைச் சொன்னேன். "உன் கூட்டாளிக்கு ஏன் எலும்பு உடைஞ்சிச்சின்னா, மேலேருந்து குதிச்சவனுக்கு எங்க விழணும்னு தெரியாது. கீழ கிடந்தவனுக்கு எப்படி வாங்கிக்கணும்னு தெரியாது. அவங்களுக்கு அது தெரியும்." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பொய் இல்ல, பழக்கம் சார்" என்றான். நான் எட்டு மாதமாகத் தேடியிருந்தாலும் இந்தச் சொல் எனக்குக் கிடைத்திருக்காது.

பழக்கம் இருந்தும் தப்பும். இதை இடைநிலைப் பள்ளி மாணவர்களோடு மட்டும் பேசலாம் என்பது என் கருத்து. 1999 மே 23 அன்று கேன்சஸ் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், ஓவன் ஹார்ட் என்ற மல்லரைக் கூரையிலிருந்து கம்பியில் இறக்க ஏற்பாடு. கொக்கி விட்டுப்போய் சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து மேடைமேல் விழுந்து இறந்தார். வீட்டில் பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தில் முன்பே பதிவு செய்த காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் விழுந்தது தெரியவில்லை. வருணனையாளர் ஜிம் ராஸ் வேறு குரலில் பேச வேண்டியிருந்தது: இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று. பல ஆண்டுகளாக எதையும் உண்மைபோல் கத்திச் சொல்லிப் பழகிய குரல், உண்மையைச் சொல்லும்போது தணிந்துவிட்டது. நிகழ்ச்சியோ நிறுத்தப்படவில்லை, தொடர்ந்து நடந்தது. அது இன்றளவும் எனக்குச் செரிக்கவில்லை. அந்த நிகழ்ச்சியை வீட்டு வீடியோவாக அவர்கள் வெளியிடவில்லை. கடையில் வரிசையாக அடுக்கியிருந்த கேசட்டுகளுக்கு நடுவே வராமலே போன ஒன்றும் உண்டு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

வகுப்பில் செய்தது

நான் வகுப்பில் காட்டியது ஹோகன் ஆட்டத்தை அல்ல. அதே கேசட்டில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் இன்டர்காண்டினென்டல் பட்டத்துக்காக மோதும் ஆட்டம் இருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாட வேளைக்குப் பொருத்தம். பலரும் அந்த இரவின் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்பார்கள். நானும் அந்தக் கட்சி. இருவரும் ஒவ்வொரு பிடியையும் முன்கூட்டியே எழுதி, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்ததாக ஸ்டீம்போட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகள் செய்யுளை ஒப்பிப்பதுபோல. ஆனால் பார்க்கும்போது எழுதி வைத்ததாகவே தெரியாது.

முதல் முறை ஒலியோடு பார்த்தோம். வருணனை செய்தவர்கள் இருவர். கொரில்லா மான்சூன் நல்லவன் பக்கம், ஜெஸி வெஞ்சுரா கெட்டவன் பக்கம். சாவேஜ் நடுவருக்குத் தெரியாமல் தப்பு செய்தால் ஒருவர் கொதிப்பார், மற்றவர் "புத்திசாலித்தனம்" என்பார். ஆங்கிலம் முழுதும் புரியாத பிள்ளைகளுக்கும் எவர் யார் கட்சி என்பது குரலிலேயே புரிந்தது. (ஒரு கொசுறுச் செய்தி: ஹோகன் ஆட்டத்தின் நடுவர் ஜோயி மரெல்லா, இந்த மான்சூனின் மகன். பார்வையாளர்களுக்கு அது சொல்லப்படவில்லை.)

பிறகு ஒலியை அணைத்துவிட்டு, மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஐந்து நிமிடக் காட்சிக்குத் தமிழில் வருணனை சொல்லச் சொன்னேன். முதல் சுற்றில் எல்லோரும், "அவர் அவரை அடிக்கிறார், அவர் கீழே விழுகிறார், அவர் எழுகிறார்" என்றார்கள். யார் அவர், எவர் அவரை? சுட்டுப்பெயர் மட்டும் போதாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளே, "யாருடா அது?" என்று கத்தினார்கள். இரண்டாம் சுற்றில் 'நீலக் கண்ணாடிக்காரர்', 'தாடிக்காரர்', 'வெள்ளைக் கால்சட்டை' என்று அடைமொழிகள் வந்து சேர்ந்தன. நிறங்களில் தவறிருக்கலாம். கேசட் அப்படி.

எதிர்பாராமல் கிடைத்தது இலக்கணம். இரட்டைக்கிளவியையும் அடுக்குத்தொடரையும் என் மாணவர்கள் வருடக்கணக்கில் குழப்பிக்கொண்டிருந்தார்கள். பிரித்தால் பொருள் தராதது இது, பொருள் தருவது அது என்று விதியை ஒப்பிப்பார்கள். தேர்வில் மாற்றி எழுதுவார்கள். வருணனைகளைக் கரும்பலகையில் எழுதியபோது ஒன்று தெரிந்தது. மேடையில் நடப்பதைச் சொல்லும்போது வந்தவை: தடதடவென ஓடினார், விறுவிறுவென ஏறினார், பளபளவென மின்னும் உடை, பல்லை நறநறவெனக் கடித்தார். கூட்டம் கத்துவதைச் சொல்லும்போது வந்தவை: எழு எழு! விடாதே விடாதே! அடி அடி! ஓடு ஓடு! மேடைமேல் கேட்பது இரட்டைக்கிளவி, மேடைக்கு வெளியே கேட்பது அடுக்குத்தொடர். இதற்கு விதிவிலக்குகள் இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்ட பிறகு என் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறுவதை நிறுத்திவிட்டார்கள்.

இடைநிலைப் பள்ளியிலும் அதற்கு மேலும் இலக்கியம் நடத்துகிறவர்கள் புறநானூற்றின் எண்பதாம் பாட்டை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியது. ஒரு கால் எங்கே ஊன்றியிருக்கிறது, மறு கால் என்ன செய்கிறது என்று பிடியைப் பிடியாகவே சொல்லும் பாட்டு. கிள்ளியின் தந்தை தித்தனுக்கும் மகனுக்கும் ஆகாது. அந்தத் தந்தை இதைக் கண்ணால் காணட்டும், அவர் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் சரி என்கிறார் புலவர். மல்லாட்டத்தின் நடுவே ஒரு வீட்டுச் சண்டை! சிறிய கோப்பையால் மனம் புண்பட்ட ஆண்ட்ரேயின் கதையைச் சொல்லிவிட்டு இந்தப் பாட்டுக்குள் போனால், தித்தனுக்கு உரை தேவைப்படாது.

நடைமுறைக்குச் சில சொற்கள். முழு நிகழ்ச்சியைக் காட்ட வேண்டாம். நேரமும் இல்லை, எல்லா ஆட்டமும் பிள்ளைகளுக்கு ஏற்றதும் அல்ல. சாவேஜ் ஆட்டத்திலேயே, முன்பு ஸ்டீம்போட்டின் தொண்டையில் அடித்த கதை வருகிறது. அதை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காட்டுவதற்கு முன்பே விழும் முறையைப் பற்றிப் பேசிவிடுங்கள், பின்பு அல்ல. பெற்றோருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காறை எலும்பு முறிந்த பையனின் அம்மாவுக்கு நான் நேரிலேயே போய்ச் சொன்னேன். "இனிமே குதிக்கமாட்டானா சார்?" என்று கேட்டார். குதிக்கமாட்டான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எப்படி விழுகிறார்கள் என்று இப்போது அவனுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவனும் வருணனை சொன்னான். கையில் அப்போது கட்டு இல்லை. மேலிருந்து குதித்த கூட்டாளியோடே ஜோடி சேர்ந்துகொண்டு, தான் ஜெஸி வெஞ்சுரா, கெட்டவன் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிட்டான். வகுப்பிலேயே அதிகச் சத்தம் அந்த ஜோடியிடமிருந்துதான் வந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பின்வரிசைக்காரன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீவைண்ட் பண்ணிட்டீங்களா சார்? அப்பா கேப்பாரு" என்றான். பண்ணவில்லை. மறுபடியும் வாங்கி, முழுதும் ஓட்டிக் கொடுத்தேன்.